பத்திரிகையின் உடையவர் யார்?

திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர் உலகத்துப் பத்திரிகைகளுக்குப் புதியதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசியபோது லண்டனும் தோக்கியோவும் அப்பெயரை அச்சிட்டன. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றபோது மீண்டும் அப்பெயர் எழுந்தது. 2022 ஜனவரியில் 99 எண்ணெய்க் குதங்களைப் பங்கிடும் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்து அமைக்கும் கம்பனிக்கு 61 என்ற கணக்குக் கொழும்பிலும் டில்லியிலும் பெரிய எழுத்தில் வெளிவந்தது. அக்குதங்களுக்கு அருகே ஆடு மேய்ப்பவனும், அவ்வழியே நாள்தோறும் கந்தோருக்குச் செல்பவனும் அந்தக் கணக்கை அயலூரில் அச்சான தாளிலேயே வாசிக்க நேர்ந்தது. தன் வீட்டுக் கூரையில் நடப்பதை அடுத்த ஊர்க்காரன் வந்து சொல்லக் கேட்டிருக்கும் குடும்பத்தின் நிலைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இன்று நாம் துறைமுகத்தைப் பற்றி எழுத வரவில்லை. துறைமுகத்தைப் பற்றி யார் எழுதுகிறார்கள், எழுதுபவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், அச்சு இயந்திரம் எவருடைய உடைமை என்பவற்றையே எழுத விரும்புகிறோம். திருகோணமலை மாவட்டத்தில் வாசிக்கப்படும் தமிழ்த் தினசரிகள் பெரும்பாலும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சாகி இரவோடிரவாக வருவன. அவற்றின் ஆசிரியர்கள்மீது எமக்குக் குறையில்லை. அவர்களும் பக்கத்தை முழம்போட்டு அளந்தே செய்தி இடவேண்டியவர்கள். விளம்பரம் எந்த ஊரிலிருந்து வருகிறதோ அந்த ஊரின் செய்தி நீளும். பிற ஊர்களின் செய்தி சுருங்கும். கந்தளாய்க் குளத்து நீர் எந்தத் தேதியில் திறக்கப்படும், தம்பலகாமத்து நெல்லை யார் என்ன விலைக்கு வாங்குகிறார், நிலாவெளி வெங்காயம் சந்தைக்கு வரும் வாரத்தில் பிறநாட்டு வெங்காயமும் கப்பலில் வந்து இறங்குவது எப்படி என்பவை கொழும்பு ஆசிரியருக்கு மூன்று வரிச் செய்திகள். தம்பலகாமத்துக் கமக்காரனுக்கோ அவை ஓராண்டு வாழ்வு. மரண அறிவித்தல் கூடச் சிலவேளை இறந்தவரை எடுத்த பின்னரே ஊருக்கு வந்து சேரும் என்பதை இப்பகுதியில் வாழ்ந்தவர்கள் அறிவர்.

1986 ஏப்ரல் 20ஆந் தேதி அதிகாலையில் கந்தளாய் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணையின் நிலையை வாரந்தோறும் விசாரித்து எழுதும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று இருந்திருந்தால் அந்த அழிவு நேர்ந்தே இராது என்று நாம் சாதிக்க மாட்டோம். அது மிகைக்கூற்றாகும். ஆனால், கட்டின் அடியில் ஈரம் கசிகிறது என்று ஒரு கமக்காரன் கண்டால், அதைச் சொல்ல அவனுக்கு இருப்பது நீர்ப்பாசன உத்தியோகத்தரின் கதவு ஒன்றுதான் என்ற நிலை நல்லதன்று. மறுநாட் காலையில் அச்சில் வரும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் கந்தோர்க் கதவுகள் சற்று விரைவாகவே திறக்கும்.

எழுதுவதற்கு இம்மண்ணில் ஆள் இல்லாமற் போனது எக்காலத்திலும் இல்லை. தமிழின் முதல் வரலாற்று நாவலென்று போற்றப்படும் 'மோகனாங்கி'யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையார். ஆயினும் 1895இல் அந்நூல் வெளிவந்தது சென்னையில். எழுதுகின்ற கை இங்கே, அச்செழுத்து வேறெங்கோ என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

அவ்வழக்கத்தின் விலை எவ்வளவு என்பதை 2006ஆம் ஆண்டின் தொடக்கம் காட்டியது. அவ்வாண்டு ஜனவரி 2ஆந் தேதி மாலையில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே மாண்டார்கள் என்று அதிகாரத் தரப்பில் சொல்லப்பட்டது. திருகோணமலையைச் சேர்ந்த செய்தியாளர் எஸ். சுகிர்தராஜன் வைத்தியசாலையில் எடுத்த படங்கள் வேறு கதை கூறின. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை எவரும் அப்படங்களிற் கண்டுகொள்ளலாம். படங்கள் கொழும்பில் அச்சாகும் 'சுடர் ஒளி'யில் வெளிவந்தன. ஜனவரி 24ஆந் தேதி காலையில், வேலைக்குச் செல்ல நின்ற வேளையில், சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டனை பெறவில்லை.

இதில் எம் மனத்தை அறுப்பது ஒன்றுண்டு. படம் எடுத்தவன் இவ்வூரான். இறந்தவர்கள் இவ்வூர்ப் பிள்ளைகள். படத்தைத் தாங்கிய தாள் மட்டும் 160 மைலுக்கு அப்பால் அச்சானது. அத்தாளை நடத்தியவர்கள் அதை அச்சிடும் துணிவுடையோராய் இருந்தமையால் உண்மை வெளிவந்தது. அவர்கள் அஞ்சியிருந்தால்? அன்றி, அந்நாளில் அவர்களுடைய வியாபாரக் கணக்கு வேறு வகையாக இருந்திருந்தால்? ஒரு மாவட்டத்தின் உண்மை இன்னோர் ஊரில் உள்ள உடைமையாளரின் நெஞ்சுறுதியை நம்பிக் கிடப்பது பாதுகாப்பான ஏற்பாடாகுமா?

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை இங்கே சற்று விரித்துப் பார்ப்பது பொருந்தும். சிறு நகரம் ஒன்று தனக்கெனப் பத்திரிகை நடத்தலாமா என்ற வினாவுக்கு இலங்கைத் தமிழர் கண்ட விடை அங்கேதான் இருக்கிறது. 1841இல் 'உதயதாரகை'யை அமெரிக்க மிஷனார் நடத்தினர், உடைமை மிஷனுடையது. 1889இல் 'இந்து சாதனம்' சைவ பரிபாலன சபையாரால் வந்தது, உடைமை சபையுடையது. 1930இல் குரும்பசிட்டி நா. பொன்னையா 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். தனி மனிதரின் பொருளும் உழைப்பும் தாங்கிய அவ்வாரப் பத்திரிகை 1958 வரை நின்று ஒரு தலைமுறை எழுத்தாளர்களை ஈன்றது. அதே 1930இல் கொழும்பில் சுப்பிரமணியம் செட்டியார் 'வீரகேசரி'யையும், 1932இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தார் 'தினகரன்' பத்திரிகையையும் தொடங்கினர். தலைநகரத்துத் தினசரிகள் வந்த பிறகு மாகாணத்தில் தினசரி எதற்கு என்று அறிவாளிகளே கேட்ட காலம் அது.

1959இல் கே. சி. தங்கராஜாவும் அவர் சகோதரர் கே. சி. சண்முகரத்தினமும் யாழ்ப்பாணத்தில் 'ஈழநாடு' பத்திரிகையைத் தொடங்கினர். தொடக்கத்தில் நாள்தோறும் வராமல் இடைவெளிவிட்டே வந்து, பின்னர் அது தினசரியாயிற்று. தலைநகருக்கு வெளியே, ஒரு மாகாணத்து நகரில், அம்மாகாணத்தாரின் முதலில், அம்மாகாணத்தாருக்காகத் தினசரி நடத்தலாம் என்று இந்நாட்டில் மெய்ப்பித்துக் காட்டியது 'ஈழநாடு'. கொழும்புப் பத்திரிகைத் தொழிலில் அநுபவமுடைய கே. பி. ஹரன் அதற்கு ஆசிரியராக அமர்ந்தார். பின்னாளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த ந. சபாரத்தினம் ஆசிரிய பீடத்தை அணிசெய்தார். வடக்கில் பேனா பிடித்த பலருக்கு அது பள்ளிக்கூடம். அப்பள்ளியில் தேறிய எஸ். எம். கோபாலரத்தினம் பின்னர் மட்டக்களப்பிலிருந்து வெளிவந்த 'தினக்கதிர்' நாளேட்டுக்கு ஆசிரியரானார் என்பதையும் கிழக்கிலுள்ள நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்தில் மூட்டப்பட்ட தீ, ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்ட பொது நூல்நிலையத்தைத் தின்றதை உலகம் அறியும். அதே நாட்களில் 'ஈழநாடு' காரியாலயமும் இயந்திரமும் எரிந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டனர். நூல்நிலையம் மாநகர சபையுடையது. அதற்காகப் பேச ஊரும் உலகும் இருந்தன. பத்திரிகையோ ஒரு குடும்பத்தின் முதல். அது சாம்பலிலிருந்து எழுந்து மீண்டும் வெளிவந்தது என்றால், அக்குடும்பத்தாரும் தொழிலாளரும் பட்ட பாட்டை எந்த வாசகன் கணக்கெடுத்தான்? பத்துச் சதத்துக்குப் பத்திரிகை வாங்கி, வாசித்து, அரிசி மடிக்க எடுத்த நாம் அதைப் பிறர் சொத்தென்றே எண்ணியிருந்தோம். எரிந்தபோது மட்டும் எமது பத்திரிகை எரிந்தது என்றோம்.

பத்திரிகை இறக்கும் வழி தீ ஒன்று மட்டுமன்று. 1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பெரும்பங்கு அரசாங்கத்தின் பிடிக்குள் போயிற்று. 'தினகரன்' அன்றிலிருந்து எந்த அரசாங்கம் வந்தாலும் அந்த அரசாங்கத்தின் குரலாய் ஒலிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், 'தினபதி'யை வெளியிட்ட இன்டிபென்டன்ற் நிறுவனத்தின் கதவுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 1987 ஒக்டோபர் 10ஆந் தேதி இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகியவற்றின் அச்சகங்களைத் தகர்த்தது. அரசாங்கங்களின் படைகளை மட்டும் குறைகூறி எம்மவரை விட்டுவிடுவது நேர்மையாகாது. துப்பாக்கியை மேசைமேல் வைத்து இன்னதை எழுது, இன்னதை எழுதாதே என்று சொன்ன தமிழ் இளைஞர்களும் ஆசிரிய அறைகளுக்குள் வந்து போனார்கள்.

1985இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த 'உதயன்' இவையெல்லாவற்றையும் கடந்து நின்றது. 2006 மே 2ஆந் தேதி அதன் காரியாலயத்துக்குள் நுழைந்தவர்கள் சுட்டதில் ஊழியர் இருவர் மாண்டனர்; 2013 ஏப்ரலில் அதன் அச்சியந்திரம் கொளுத்தப்பட்டது. மறுநாளும் பத்திரிகை வர வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். அதேவேளை, அதன் உடைமையாளர் 2010இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார் என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இது சட்டத்துக்கு மாறானதன்று, உலகெங்கும் நடப்பது. ஆனால் வாக்குக் கேட்பவரும் வாக்காளருக்குச் செய்தி சொல்பவரும் ஒருவரே ஆகும்போது, செய்தி எவ்வளவு உண்மையாக இருந்தாலும் எதிர்க்கட்சிக்காரன் அதை ஐயத்தோடுதான் வாசிப்பான். அந்த ஐயம் பத்திரிகைக்கு நட்டம். அரசியல் வாரப் பத்திரிகையாகிய எமக்கு இப்படிச் சொல்ல என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். நாம் கருத்தை விற்பவர்கள், அதை மறைப்பதில்லை. நீர் திறக்கும் தேதியைச் சொல்ல வேண்டியவன் எமது கட்சிக்காரனாகவோ பிறர் கட்சிக்காரனாகவோ இருத்தலாகாது என்பதே எமது வாதம்.

கடலுக்கு அப்பால், 1951இல் திருவனந்தபுரத்தில் டி. வி. இராமசுப்பையர் 'தினமலர்' பத்திரிகையைத் தொடங்கினார். திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த தென்கோடித் தமிழரின் குறை அதன் உயிர். அத்தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபின், 1957இல் பத்திரிகை திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. மாவட்டத்தின் குடிதண்ணீர்க் குறையும் பள்ளிக்கூடக் குறையும் முதற் பக்கத்துக்கு வரலாம் என்று அங்குள்ள வாசகர் கண்டனர். சிறு நகரத்திற் பிறந்த பத்திரிகை சிறிதாகவே இருந்து மடியும் என்பதற்கு விதியொன்றும் இல்லை.

உடைமை பற்றிய பாடத்தை மான்செஸ்டர் நகரத்திற் கற்கலாம். 1821இல் தொடங்கிய 'மான்செஸ்டர் கார்டியன்' பஞ்சாலை நகரம் ஒன்றின் பத்திரிகை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராயிருந்து, இடையில் அதை விலைக்கும் வாங்கிய சி. பி. ஸ்கொட் 1932இல் இறந்தார். அதே ஆண்டிலேயே அவருக்குப் பின் ஆசிரியரான மகன் எட்வேட் படகு கவிழ்ந்து நீரில் மூழ்கினார். எஞ்சியவர் இன்னொரு மகன் ஜோன். தாமும் இறந்தால் மரண வரியைக் கட்டவே பத்திரிகையை விற்க நேரும் என்று கண்ட அவர், 1936இல் தம் உடைமை முழுவதையும் ஒரு தர்மகர்த்தா சபைக்கு எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கான சொத்தைக் கைகழுவிய அவரைக் கண்டு வக்கீல்கள் வியந்தார்களாம்! எம் நாட்டில் கோயிலுக்கும் மடத்துக்கும் வயலெழுதி வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பத்திரிகைக்கு எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

திருகோணமலை மாவட்டத்துக்கு ஒரு தினசரி வேண்டும் என்ற எண்ணம் எம்மிடம் இன்று உதித்ததன்று. ஆனால் அதைத் தொடங்க ஒரு செல்வர் முன்வரட்டும் என்று காத்திருப்பதை நாம் ஏற்கவில்லை. செல்வர் வரலாம், நல்லவராகவும் இருக்கலாம். அவருடைய மகன்? அவருடைய வங்கிக் கடன்? துறைமுகத்திலும் அரசாங்க ஒப்பந்தங்களிலும் அவருக்குள்ள தொடர்பு? பல நாடுகள் கண் வைத்திருக்கும் துறைமுகம் இது. இங்கே தொடங்கும் பத்திரிகையை வாங்கிவிடும் ஆசையும் பலருக்கு உண்டாகும். ஆகையால் முதற் பிரமாணமே எவரும் தனித்து விற்க முடியாத உடைமை என்பதாக இருக்க வேண்டும்.

கூட்டுறவு என்ற சொல் இப்பகுதிக் கமக்காரருக்குப் புதியதன்று. பங்கு சிறியதாக இருக்கட்டும். பெரும்போக அறுவடையில் பாதியும் சிறுபோகத்தில் பாதியும் கட்டலாம் என்று வைத்தால் இரண்டேக்கர் வயற்காரனும் சேருவான். ஆசிரியர், வைத்தியர், வழக்கறிஞர், ஓய்வூதியர் ஆகியோர் மாதந்தோறும் கட்டலாம். எத்தனை பங்கு வாங்கினாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கே இருக்க வேண்டும். பங்காளர் பெயரும் விளம்பரக்காரர் கொடுத்த தொகையும் ஆண்டுக்கொரு முறை அப்பத்திரிகையிலேயே அச்சாக வேண்டும். ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் தேர்தலில் நிற்கும் எவருடைய கையிலும் இருத்தலாகாது. கணக்குப் புத்தகத்தை எந்தப் பங்காளரும் திறந்து பார்க்கலாம் என்ற விதியை எழுதும்போதே சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

இவற்றிலும் முக்கியமானது வேறொன்று. கிண்ணியாவும் மூதூரும் சேராத பத்திரிகை திருகோணமலைப் பத்திரிகை ஆகாது. தமிழ் பேசும் முஸ்லிம் மக்களைச் செய்தியின் பொருளாக மட்டும் வைத்துக்கொண்டு, உடைமையில் இடம் தராத பத்திரிகையை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? ஒரு சண்டை நடந்த மறுநாட் காலையில் இரு ஊராரும் ஒரே தாளை வாசித்து, நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய நிலை வந்தால், அதுவே போட்ட முதலுக்கு வட்டி. கந்தளாயிலும் சேருவிலையிலும் வாழும் சிங்களக் கமக்காரரைப் பற்றி எழுதும்போதும் அவர் தமிழ் வாசித்தாலும் மறுக்க முடியாதபடி எழுத வேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபின் தாளைக் கொண்டுசெல்லத் தோணித்துறையில் காத்திருக்க வேண்டியதில்லை. பாலம் போட்ட பொறியியலாளர் தம் வேலையைச் செய்துவிட்டார்.

தடைகளை நாம் அறியாமல் இல்லை. கைத்தொலைபேசியில் நொடிக்கொரு செய்தி வருகையில் தாளை யார் வாங்குவார் என்று இளைஞர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால் அக்கருவியில் வருவது செய்தியா வதந்தியா என்று தெரியாது; பொய்யென்று கண்டால் சென்று தட்டக் கதவும் இல்லை. செய்தி தாளில் வரட்டும், திரையில் வரட்டும். அதற்குப் பெயரும் விலாசமும் பொறுப்பும் உள்ள உடைமையாளர் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. காகிதம் இன்னொரு தடை. 2022 மார்ச்சில் டொலர் இல்லாமையால் காகிதம் வராது கொழும்பின் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய பெரிய பத்திரிகைகளே அச்சை இடைநிறுத்த நேர்ந்தது. வாழைச்சேனையில் கிழக்கின் வைக்கோலைக் கொண்டு காகிதம் செய்த ஆலை ஒன்று எமக்கு இருந்ததே என்று அன்று நினைத்துக்கொண்டோம். எம் வயலின் வைக்கோல் காகிதமாகி வெளியே போன காலத்திலும் எம் வயலின் செய்தி அதில் அச்சாகவில்லை என்பது வேறு கதை.

எனவே தினசரியாகவே தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'ஈழநாடு' தொடங்கியது போல இடைவெளிவிட்டு வெளியிட்டு, கடன் படாமல், வாசகரும் பங்கும் பெருகப் பெருக நாளேடாக்கலாம். 2006இல் சம்பூரைவிட்டு ஓடிய மக்களுக்குத் தம் காணியைக் காண 2015 வரை சென்றது. அந்த ஒன்பது ஆண்டுகளில் அக்காணியைப் பற்றி வந்த வர்த்தமானி அறிவித்தல் ஒவ்வொன்றையும் ஊர்த் தமிழில் விளக்கி எழுதும் ஒரு பக்கம் போதும், பத்திரிகையின் பயனை மக்கள் உணர்வதற்கு. முதல் இதழில் அப்பக்கம் இருக்கட்டும்.

தொடக்கக் கூட்டத்தை எங்கே வைப்பது என்பதிலேயே வழக்கு எழும் என்று நண்பர் ஒருவர் எம்மிடம் சொன்னார். கோயில் மண்டபத்தில் வைத்தால் ஒரு பகுதியார் வரமாட்டார். பள்ளிவாசல் முன்றிலில் வைத்தால் மற்றப் பகுதியார் தயங்குவர். கட்சிக் காரியாலயத்தில் வைத்தால் இரு பகுதியாரும் வரமாட்டார். கமநல சேவை நிலையத்தில் வையுங்கள் என்று நாம் சொன்னோம். பசளைக்காக எல்லாரும் ஒரே வரிசையில் வந்து நிற்கும் இடம் அதுதான்.